மதச்சார்பற்ற அரசும் மதத்துப் பெண்களும்: இரண்டு தீர்ப்புகளை முன்வைத்து

மதச்சார்பற்ற ஒரு சமூகத்தில் கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் என்ன இடம் என்ற கேள்வி நம்மிடையே ஓயாமல் பேசப்படுகிறது. ஒரு பக்கம் அரசு நிற்கிறது. மறுபக்கம் திருச்சபையோ ஜமாஅத்தோ நிற்கிறது. இரண்டு பக்கத்திலும் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பேசப்படுவதோ பெரும்பாலும் பெண்களின் விஷயம்: மணவிலக்கு, ஜீவனாம்சம், சொத்து, தலையில் போடும் துணி. யாரைப் பற்றி இத்தனை பேச்சோ அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

அதற்காக இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். ஒன்று 1985 ஏப்ரலில் வந்தது, மற்றொன்று 1986 பிப்ரவரியில். ஒன்றில் வழக்காடியவர் முஸ்லிம் பெண், மற்றொன்றில் கிறிஸ்தவப் பெண். நான் சட்டம் படித்தவள் அல்ல; இலக்கியம் கற்பிக்கிறவள். ஒரு கதையை எடுத்துக்கொண்டால், இதில் யார் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று வகுப்பில் கேட்போம். அதே கேள்விகளை இந்தத் தீர்ப்புகளிடமும் கேட்டுப் பார்க்கிறேன்.

முதல் தீர்ப்பு நமக்குப் பெயரளவிலாவது தெரிந்தது. இந்தூரைச் சேர்ந்த ஷா பானுவுக்கு 1932இல் திருமணம் நடந்தது. ஐந்து பிள்ளைகள். கணவர் வசதியான வழக்கறிஞர். நாற்பத்து மூன்று ஆண்டுகள் குடும்பம் நடத்திய பிறகு 1975இல் மனைவியை வீட்டை விட்டு வெளியேற்றினார். 1978 ஏப்ரலில், அறுபது வயதைத் தாண்டியிருந்த ஷா பானு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்கீழ் மாதம் 500 ரூபாய் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டார். அதே ஆண்டு நவம்பரில் கணவர் தலாக் சொன்னார். மஹருக்கென 3,000 ரூபாயை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, இனித் தமக்குப் பொறுப்பில்லை என்றார். கீழ் நீதிமன்றம் மாதம் 25 ரூபாய் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. இந்தத் தொகையைக் கொடுக்க மறுத்துத்தான் கணவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததோடு, ஷா பானுவின் வழக்குச் செலவுக்காக 10,000 ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது.

முடிவு சரியானது. கைவிடப்பட்ட ஒரு வயதான பெண்ணுக்குச் சோற்றுக்கு வழி செய்த தீர்ப்பை நான் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த பேச்சு எப்படிப்பட்டது? தொடக்கத்திலேயே, பெண் சுதந்திரத்துக்கு உரியவள் அல்லள் என்ற மனுவின் கூற்று வருகிறது. உடனே, பெண்ணைத் தாழ்த்துவதுதான் இஸ்லாத்தின் பெருங்குறை என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவர் எழுதியது வருகிறது. மனு ஒரு வரியோடு போய்விடுகிறார். தீர்ப்பின் பிற்பகுதியில் அவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. இஸ்லாம் கடைசிவரை கூண்டில் நிற்கிறது. மணவிலக்குப் பெற்ற பெண்களுக்கு நியாயமான முறையில் வழங்கச் சொல்லும் குர்ஆன் வசனத்தை எடுத்து விளக்குகிறார்கள். பிறகு, பொது சிவில் சட்டத்தைக் கொண்டுவரச் சொல்லும் அரசியலமைப்பின் 44ஆம் பிரிவு செயலற்றுக் கிடப்பதாக வருத்தப்படுகிறார்கள். அப்படியொரு சட்டம் தேச ஒருமைப்பாட்டுக்கு உதவும் என்றும் சொல்கிறார்கள்.

179 ரூபாய் 20 காசுக்கும் தேச ஒருமைப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஷா பானு தேசத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டது மாதச் செலவுக்குப் பணம். 125ஆம் பிரிவு எந்த மதத்தவருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டாலே வழக்கு முடிந்துவிடும். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் தேவையிருக்கவில்லை. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் இந்தப் பிரிவில் ஜீவனாம்சம் பெறலாம் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1979இல் பாய் தாஹிரா வழக்கிலும் 1980இல் ஃபுஸ்லுன்பி வழக்கிலும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அப்போது நாடு கொந்தளிக்கவில்லை. 1985இல் கொந்தளித்ததற்கு அன்றைய அரசியல் முக்கியக் காரணம் என்பது உண்மைதான். ஆனாலும், ஒரு பெண்ணின் பசியைப் பேச வேண்டிய இடத்தில் ஒரு மதத்தின் தகுதியைப் பேசியதால், அந்தப் பெண்ணின் வழக்கு மதத்தின் மானத்துக்கான வழக்காக மாறுவதற்குத் தீர்ப்பே வழி திறந்துவிட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் தீர்ப்பு எழுதப்பட்ட நாளில் பெரும்பாலான மாநிலங்களில் இந்து மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கிடையாது. தமிழ்நாட்டில் அது 1989இல்தான் வந்தது. நாடு முழுவதற்கும் 2005இல். தாழ்த்துவது எந்த மதத்தின் தனிச்சொத்து என்று கேட்கத் தோன்றுகிறது.

அதன்பின் நடந்ததில் ஷா பானு மெல்ல மறைந்துபோனார். 1985 நவம்பரில், அந்தத் தீர்ப்பைத் தாம் ஏற்கவில்லை என்று அவர் பெயரில் ஒரு திறந்த மடல் வெளியானது. உலமாக்களின் அழுத்தம் என்று ஒரு சாரார் சொன்னார்கள், உண்மையான முஸ்லிம் பெண்ணின் குரல் என்று மறு சாரார் சொன்னார்கள். இரண்டு சாராரும் அவரை ஒரே ஒரு சொல்லாகச் சுருக்கினார்கள். ஏழாண்டு காலம் வழக்காடியவரும் அவரே, தன் சமூகம் தாக்கப்படும்போது அதோடு நிற்க விரும்பியவரும் அவராகவே இருக்கலாம் என்று எண்ணிப்பார்க்க அன்றைக்கு இடமில்லாமல் போனது. பெண்ணுக்குப் பசியும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. ஒன்றைப் பெற மற்றொன்றை அடகு வைக்கச் சொன்னார்கள்.

இரண்டாவது தீர்ப்பு 1986 பிப்ரவரி 24 அன்று வந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய்; இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால், அல்லது கொடுப்பதாகச் சொல்லியிருந்தால்கூட, அதுவும் கிடையாது. கைம்பெண்ணுக்குச் சாகும்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும் உண்டு. மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் 1983இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கணவரைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு, தந்தைக்கு ஊட்டியில் இருந்த வீட்டில் தங்கியிருந்தபோது, மகளுக்கு இதில் உரிமையில்லை என்று குடும்பத்தாரே அவரை வெளியேறச் சொன்னார்கள். ஊட்டி தமிழ்நாட்டில் இருந்தது. திருவிதாங்கூர்ச் சட்டம் அங்கே செல்லாது. மலையேறினால் மகளுக்குப் பங்குண்டு, இறங்கினால் இல்லை. சட்டங்களின் இந்த விசித்திரத்தை அவர் பட்டறிந்தவர்.

நீதிபதிகள் பகவதியும் பதக்கும் அளித்த தீர்ப்பு மேரி ராய்க்குச் சாதகமாக வந்தது. இதன் நடை முதல் தீர்ப்புக்கு நேர் எதிரானது. இங்கே வேதாகமம் வரவில்லை. ஏவாளும் விலா எலும்பும் வரவில்லை. கிறிஸ்தவம் பெண்ணை எப்படி நடத்துகிறது என்று யாரும் கவலைப்படவில்லை. தேச ஒருமைப்பாடும் பேசப்படவில்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தைத் திருவிதாங்கூர்ப் பகுதிக்கும் விரிவுபடுத்திவிட்டது. ஆகவே பழைய சமஸ்தானச் சட்டம் 1951 ஏப்ரல் 1 அன்றே காலாவதியாகிவிட்டது என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மேரி ராய் எழுப்பிய அடிப்படைக் கேள்வி வேறு. மகளுக்கும் மகனுக்கும் பேதம் பார்க்கும் சட்டம், சமத்துவத்தை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவுக்கு எதிரானது இல்லையா என்பதுதான் அது. அந்தக் கேள்விக்குள் போகத் தேவையில்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது.

அப்படியானால் கேரளத்துக் கிறிஸ்தவப் பெண்கள் முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சமபங்குக்கு உரியவர்களாக இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. இது நமக்கும் நெருக்கமான கதை. 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டம் பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அந்தச் சட்டம் 1951லேயே செத்துவிட்டது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் 1970களில் சொன்னார். சில ஆண்டுகளில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, இல்லை, அது உயிரோடுதான் இருக்கிறது என்றது. அந்தக் குழப்பம் 1986இல்தான் தீர்ந்தது. அதுவரை சீதனத்தோடு கணக்கை முடித்து அனுப்பப்பட்ட மகள்கள் எத்தனை பேரோ.

தீர்ப்புக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பழைய பாகப்பிரிவினைகளெல்லாம் குலைந்துபோகும், குடும்பங்கள் அழியும் என்று கேரளத்தில் பெருங்கூச்சல் எழுந்தது. தீர்ப்பின் பின்னோக்கிய விளைவை ஒழிக்கச் சட்டமுயற்சியும் நடந்தது, நிறைவேறவில்லை. அதைவிட எளிய வழி ஏற்கெனவே கையில் இருந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயில் எழுதும் தந்தைக்கு எந்தத் தடையும் விதிக்கவில்லை. மகளை விட்டுவிட்டு உயில் எழுதினால் போதும். மேரி ராய்கூடத் தம் பங்கைக் கையில் வாங்க மேலும் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மேரி ராய் தீர்ப்பு வந்த அதே வாரத்தில், ஷா பானு தீர்ப்பைச் செல்லாததாக்கும் முஸ்லிம் பெண்கள் மசோதா நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்த மாதத்தின் தொடக்கத்தில்தான் அயோத்தியில் பாபர் மசூதியின் பூட்டு திறக்கப்பட்டிருந்தது. ஒரு மதத்தின் ஆண்களுக்கு ஒரு சாவி, இன்னொரு மதத்தின் ஆண்களுக்கு ஒரு சட்டம் என்று அரசு சமன் செய்தது. அந்தக் கணக்கில் பெண் எங்கும் இல்லை. இஸ்லாம் நாட்டின் பிரச்சினையாகவும், கிறிஸ்தவம் ஒரு மாநிலத்தின் சொத்துத் தகராறாகவும் வாசிக்கப்பட்டன. முஸ்லிம் பெண்ணைப் பார்த்தபோது நீதிமன்றம் மதத்தை மட்டுமே பார்த்தது. கிறிஸ்தவப் பெண்ணைப் பார்த்தபோது தேதியை மட்டுமே பார்த்தது. சமத்துவம் கேட்டு வந்த குடிமகள் என்று இருவரில் ஒருவரையும் அது பார்க்கவில்லை. இதுதான் இந்த இரண்டு பிரதிகளிலும் எனக்குக் கிடைக்கும் பொது அம்சம்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். மதச் சட்டங்களில் அரசு தலையிடத் தயங்குவது சிறுபான்மையினர் மீதுள்ள மரியாதையால்தானே என்பார்கள். அந்தச் சட்டங்கள் யார் செய்தவை என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது. கிறிஸ்தவர்களுக்கான மணவிலக்குச் சட்டம் 1869இல் பிரிட்டிஷ் அரசு செய்தது, இங்கிலாந்துச் சட்டத்தின் பிரதி. அதன்படி மனைவியின் தகாத உறவை நிரூபித்தாலே கணவனுக்கு விலக்குக் கிடைக்கும். மனைவிக்கோ கணவனின் தகாத உறவோடு கொடுமையோ கைவிட்டுப்போனதோ சேர்ந்திருக்க வேண்டும். இங்கிலாந்து இந்தப் பேதத்தை 1923இல் நீக்கியது. சுதந்திர இந்தியா 2001இல்தான் நீக்கியது. இடையில் இருந்த எழுபத்தெட்டு ஆண்டுகளையும் எந்தச் சுவிசேஷத்தின் தலையில் கட்டுவது? 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டமும் அப்படித்தான். குடும்ப விஷயங்கள் அனைத்துக்கும் ஷரீஅத் என்று சொன்ன அந்தச் சட்டம் விவசாய நிலத்தை மட்டும் விட்டுவிட்டது. ஷரீஅத் மகளுக்குப் பங்கு தருகிறது. நிலவுடைமையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. மதம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை நிலம் வைத்திருந்த ஆண்களும் அரசும் சேர்ந்து முடிவுசெய்தார்கள்.

நிலமே இல்லாத பெண்ணின் கதை இதற்கு அப்பால் இருக்கிறது. மேரி ராய் தீர்ப்பு சமபங்கு தந்தது; பங்கு போட எதுவும் இல்லாத வீட்டில் பிறந்த தலித் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது? அவளுடைய வாழ்வைத் தொட்ட ஆவணம் வேறு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் அல்ல என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். மதம் மாறினால் சாதி போய்விடும் என்று மதச்சார்பற்ற அரசு நம்புகிறது. தேவாலயத்துக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாமா 1992இல் ‘கருக்கு’வில் எழுதிவிட்டார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்குச் சுவர் இருக்கிறது. தமிழ்நாடு அரசு இவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. இரண்டு மதங்களுக்கும் இந்த நாட்டில் என்ன இடம் என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை எங்கும் எழுதப்படவில்லை. பெண்ணியவாதிகளான நாமும் தனிச்சட்டங்களைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்த ஆணையைப் பற்றிப் பேசுவதில்லை.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கைச் செல்லாது என்றது. வழக்குத் தொடுத்தவர்கள் முஸ்லிம் பெண்கள். அவர்கள் கேட்டது அந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. 2019இல் வந்த சட்டமோ அப்படித் தலாக் சொல்லும் கணவனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. கணவன் சிறைக்குள் இருக்கும்போது ஜீவனாம்சத்தை யார் கொடுப்பது? தலாக் சொல்லாமலேயே மனைவியை விட்டுவிட்டுப் போகும் மற்ற மதத்து ஆண்களுக்கு அப்படி எந்தத் தண்டனையும் இல்லை. ஷா பானுவின் பசியைப் போலவே இவர்களின் கோரிக்கையும் வேறு ஒரு தேவைக்குப் பயன்பட்டது. 2022இல் கர்நாடகத்து மாணவிகள் ஹிஜாப் அணிந்து வகுப்புக்குப் போகக் கேட்டபோது, அது இஸ்லாத்துக்கு இன்றியமையாததா என்று உயர் நீதிமன்றம் ஆராய்ந்து, இல்லை என்றது. உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் நீதிபதி துலியா மட்டும் கேள்வியை மாற்றினார்: இது அவளுடைய விருப்பம், அவளுடைய படிப்பை நிறுத்துவதால் அவள் வாழ்வு மேம்படுமா என்று கேட்டார். மதத்திடம் கேட்கும் கேள்வியை விட்டுப் பெண்ணிடம் கேட்கும் கேள்விக்கு வர, இந்த வரலாற்றில் ஒரு நீதிபதிக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பெண்கள் காத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. புதுக்கோட்டையில் ஷரீபா கானமும் தோழியரும் 2000களின் தொடக்கத்தில் பெண்கள் ஜமாஅத் ஒன்றை உருவாக்கினார்கள். ஊர் ஜமாஅத்தில் பெண்ணைப் பற்றிய வழக்கு நடக்கும், பெண் உள்ளே வர முடியாது. அவள் சார்பில் தந்தையோ சகோதரனோ பேசுவார். அந்த நிலையில், நாங்களே கூடுவோம், நாங்களே விசாரிப்போம், குர்ஆனை நாங்களே படிப்போம் என்றார்கள். தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ ஆவணப்படம் இவர்களைப் பற்றியது. சென்னையில் வழக்கறிஞர் பதர் சயீத், தலாக் செல்லும் என்று காஜிகள் சான்றிதழ் கொடுப்பதை எதிர்த்து வழக்காடினார். காஜியை நியமிப்பது அரசு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1880ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அந்தச் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, சட்டப்படி செல்லும் ஆவணம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் சொன்னது. ஷா பானுவுக்காக வாதாடிய டேனியல் லத்தீஃபி, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். இத்தா காலத்துக்குள்ளேயே பெண்ணின் எதிர்காலத்துக்கும் சேர்த்துக் கணவன் ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற விளக்கம் 2001இல் அந்த வழக்கில் கிடைத்தது. 125ஆம் பிரிவு மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது. ஷா பானு தொடங்கிய இடத்துக்கு வந்து சேர முப்பத்தொன்பது ஆண்டுகள்.

இதையெல்லாம் வாசிக்கும் மாணவிகள் கேட்பது, அப்படியானால் எல்லாருக்கும் ஒரே சட்டம் வந்தால் தீர்ந்துவிடாதா என்பது. சட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், அதற்குள் பெண் எப்படி இருக்கிறாள் என்று பாருங்கள் என்பேன். உத்தரகண்டில் 2024இல் பொது சிவில் சட்டம் நிறைவேறியது. மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் அரசிடம் பதிவுசெய்ய வேண்டும், தவறினால் தண்டனை என்கிறது அது. வயதுவந்த பெண்ணின் வாழ்க்கைக்குள் எட்டிப்பார்க்கும் உரிமையை முன்பு ஊர்ப் பெரியவர்கள் வைத்திருந்தார்கள், இப்போது பதிவாளர் வைத்திருக்கிறார்.

மதச்சார்பின்மை என்றால் அரசுக்கும் மதத்துக்கும் நடுவே எத்தனை அடி தூரம் என்று அளப்பது என நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இந்தத் தீர்ப்புகளை வாசித்தபின் எனக்கு அந்த அளவுகோல் போதவில்லை. தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ தொழுகிற ஒரு பெண், தன் நம்பிக்கையை வாசலில் கழற்றி வைக்காமல் நீதிமன்றத்துக்குள் போக வேண்டும். தன் உரிமையைக் கழற்றி வைக்காமல் தன் சபைக்குள்ளும் ஜமாஅத்துக்குள்ளும் போக வேண்டும். இரண்டு வாசலும் அவளுக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒரு சமூகம் மதச்சார்பற்றதா என்று நான் முடிவுசெய்வேன். இன்றுவரை முதல் வாசலைச் சிலர் வழக்காடித் திறந்திருக்கிறார்கள். இரண்டாவது வாசலில் புதுக்கோட்டைப் பெண்களைப் போன்ற மிகச் சிலரே நிற்கிறார்கள். அடுத்த முறை ஒரு தீர்ப்பு செய்தியாக வரும்போது, எந்த மதம் வென்றது, எந்த மதம் தோற்றது என்ற தலைப்பைத் தள்ளிவைத்துவிட்டு, வழக்குப் போட்டவள் என்ன கேட்டாள், அது அவள் கைக்கு வந்ததா என்று தேடிப் படியுங்கள். மேரி ராய்க்கு முன்னால் முப்பத்தைந்து ஆண்டுகள் நம் உரிமை நமக்கே தெரியாமல் கிடந்தது. படிக்கத் தெரிந்த தலைமுறைக்கு அப்படி இன்னொரு முறை நடக்கக் கூடாது.